வரிசையா, சுழற்சியா, சிறு ஆட்டமா? கூடைப்பந்து முகாமுக்கு எது பொருந்தும்

ஐந்து நாள் முகாம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 3 மணி நேரம், 24 பிள்ளைகள், 2 வளையங்கள், 3 பயிற்சியாளர்கள். தண்ணீர் குடிக்க, பெயர் சரிபார்க்க, அவிழ்ந்த ஷூ லேஸைக் கட்ட என்று போகிற நேரத்தைக் கழித்தால் உருப்படியாகக் கையில் நிற்பது 12 மணி நேரம். அதற்குள் டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டியபடி நகர்வது), பாஸ், லே-அப் (ஓடிவந்து எம்பி வளையத்தருகே பந்தைப் போடுவது), ஷூட்டிங், தடுப்பாட்டம், ரீபவுண்ட் (உள்ளே விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று ஏறத்தாழ எல்லா முகாம்களும் ஆசைப்படுகின்றன. நடக்காது. எதைக் கற்பிப்பது என்று பட்டியல் போடுவதற்கு முன்பே, எந்த முறையில் கற்பிப்பது என்று முடிவெடுத்தாக வேண்டும்.

புழக்கத்தில் மூன்று முறைகள் இருக்கின்றன. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒரே அசைவை ஒவ்வொருவராகச் செய்ய வைப்பது முதலாவது. கோர்ட்டைப் பல இடங்களாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு திறனை வைத்து, சிறு குழுக்களைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இடம் மாற்றுவது இரண்டாவது. இதைச் சுழற்சி முறை என்போம். மூன்றாவது, இருவருக்கு இருவர், மூவருக்கு மூவர் என்று ஆட விட்டு, ஆட்டத்தின் விதிகளை மாற்றுவதன் மூலமே திறனை வரவழைப்பது. இது சிறு ஆட்ட முறை.

மூன்றையும் எடைபோட என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: முகாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, எதிரே ஒருவன் கையை விரித்து நிற்கும்போது பிள்ளையிடம் என்ன மிஞ்சியிருக்கிறது? கடைசி நாளன்று பெற்றோர் முன் அழகாகத் தெரிவதும் இதுவும் ஒன்றல்ல. பல நேரங்களில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. முகாம் நடத்துகிறவரின் சங்கடம் அங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் கட்டணம் கட்டியவர்கள் பார்ப்பது கடைசி நாளை மட்டுமே.

வரிசை முறை

இந்த முறையைத் திட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. திட்டுகிறவர்கள் முழுக்கத் தவறு சொல்லவில்லை. மேலே சொன்ன முகாமில் லே-அப் பயிற்சிக்கு ஒரு வளையத்துக்கு 12 பேர் நிற்பார்கள். 6 வினாடிக்கு ஒருவர் ஓடினால் 10 நிமிடத்தில் 100 லே-அப்; ஒருவருக்குக் கிடைப்பது 8. அதாவது 10 நிமிடத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே பிள்ளை எதையாவது செய்கிறது. மீதி நேரம் முழுக்க முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்க்கிறது, அல்லது கிள்ளுகிறது.

ஆனால் புதிதாக ஒரு அசைவை முதன்முதலாகக் காட்டுவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. வலது கைக்காரர் லே-அப்புக்கு வலது காலை வைத்து, பிறகு இடது காலை வைத்து, இடது காலால் எம்பி, வலது முழங்காலை உயர்த்தி, பலகையில் வரைந்த சதுரத்தில் பந்தை மெல்லப் பட வைக்க வேண்டும். இதை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொருவர் காலையும் பயிற்சியாளர் பார்க்க வேண்டும். வரிசையில் அது முடிகிறது. இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சர்வதேச விதிப்படி, ஓடிக்கொண்டே பந்தைக் கையில் சேர்க்கும் கணத்தில் தரையில் இருக்கும் கால் கணக்கில் வராது; அதன் பிறகுதான் இரண்டு அடிகள். பழைய கணக்கிலேயே விசில் ஊதும் பயிற்சியாளர்கள் பிள்ளைகளை வீணாகக் குழப்புகிறார்கள்.

வரிசை முறைக்கு வலுவான சாட்சி ஜான் வுடன். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் அணியை 1964 முதல் 1975 வரையிலான காலத்தில் 10 முறை தேசியக் கல்லூரிச் சாம்பியனாக்கியவர் அவர். விளக்கு, செய்து காட்டு, செய்ய வை, திரும்பத் திரும்பச் செய்ய வை என்பது அவருடைய பாடத்திட்டம். ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கலிமோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-75 பருவத்தில் அவருடைய பயிற்சிகளில் உட்கார்ந்து, அவர் பேசியதையெல்லாம் வகைப்படுத்தினார்கள். பாராட்டும் திட்டும் கொஞ்சமே. பெரும்பகுதி, எதை எப்படிச் செய்வது என்ற குறுகிய அறிவுறுத்தல். அவருடைய பயிற்சியில் டிரில்கள் (ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சிகள்) உண்டு, ஆனால் சும்மா நிற்பவர்கள் இல்லை. நம் முகாம்களில் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த வேகத்தை விட்டுவிட்டார்கள்.

வுடனிடம் வந்தவர்கள் பொறுக்கியெடுக்கப்பட்ட கல்லூரி வீரர்கள், மாதக்கணக்கில் தினமும் வந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐந்து நாளில் 9 வயதுப் பிள்ளைக்கு அதே மருந்து வேலை செய்யும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

சுழற்சி முறை

முகாம் என்றாலே பலருக்கு நினைவில் வருவது இதுதான். 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபைவ் ஸ்டார் முகாம் இந்த முறைக்குப் பேர்போனது. மைக்கேல் ஜோர்டான் பள்ளி மாணவராக இருந்தபோது அங்கே போயிருக்கிறார். காரணம் எளிது: பந்தைத் தொடும் எண்ணிக்கை சட்டென்று ஏறிவிடுகிறது. நம் 24 பேரை நால்வர் கொண்ட 6 குழுக்களாக்கி, ஓரிடத்துக்கு 10 நிமிடம் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு சுற்று முடியும். வளையத்தடியில் மைக்கன் டிரில் வைத்தால், அதாவது வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று மாறி மாறி நெருங்கி நின்று போடுவது, ஒருவருக்கு 30 வினாடி வீதம் 5 முறை வாய்ப்பு வரும். தடுமாறும் பிள்ளைகூட 50 முறை பந்தை எறிந்திருக்கும். வரிசையில் கிடைத்த 8 எங்கே, இது எங்கே.

வளையம் குறைவாக உள்ள இடத்துக்கு இது இன்னும் பொருந்தும். ஆறில் இரண்டு இடத்துக்குத்தான் வளையம் தேவை. மற்ற நான்கில் டிரிபிள், சுவரில் எறிந்து பிடிக்கும் பாஸ், தாழ்ந்து பக்கவாட்டில் நகரும் தடுப்பாட்டம், இரு காலில் நின்று பிவட் செய்வது (ஒரு காலை ஊன்றியபடி மறு காலை நகர்த்தித் திரும்புவது) என்று வைத்துக்கொள்ளலாம்.

குறைகள் இரண்டு. முதலாவது ஆள் பற்றாக்குறை. 6 இடத்துக்கு 3 பயிற்சியாளர்கள் என்றால் ஒருவர் இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டும். முதுகுப் பக்கம் இருக்கும் குழு இரண்டாவது நிமிடத்தில் பந்தை உதைத்து விளையாட ஆரம்பித்துவிடும். இரண்டாவது குறை கண்ணுக்குத் தெரியாதது, அதனால் ஆபத்தானது. ஒரே இடத்தில் ஒரே அசைவை 10 நிமிடம் தொடர்ந்து செய்யும் பிள்ளை, அந்தப் பத்தாவது நிமிடத்தில் அபாரமாகச் செய்யும். பயிற்சியாளரும் மகிழ்வார், பிள்ளையும் மகிழும். மறுநாள் அதில் பாதி இருக்காது.

இதற்குப் பழைய ஆய்வுகளே சான்று. ஜான் ஷே, ராபின் மோர்கன் இருவரும் 1979இல் வெளியிட்ட சோதனையில், கை அசைவுகள் சிலவற்றை ஒரு குழு ஒவ்வொன்றாகத் தொடர்ச்சியாகவும் இன்னொரு குழு கலந்து கலந்தும் பழகின. பழகும்போது முதல் குழு முந்தியது. பிறகு நினைவைச் சோதித்தபோது கலந்து பழகிய குழு முந்தியது. 1986இல் பாட்மின்டன் சர்வீஸ் வகைகளை வைத்துச் செய்த சோதனையும் அதே பக்கம்தான் சாய்ந்தது. ஆகவே சுழற்சி முறையைத் தேர்ந்தால் ஒவ்வொரு இடத்துக்குள்ளும் கலவை வேண்டும். ஒரே புள்ளியிலிருந்து 20 ஷாட் என்று வைக்காமல், ஒரு ஷாட், ஓடிப்போய் ஒரு லே-அப், திரும்பி வந்து வேறு கோணத்தில் ஒரு ஷாட் என்று வைக்கலாம். இன்றுதான் பந்தை முதன்முதலாகத் தொடும் பிள்ளைக்கு மட்டும் விலக்கு கொடுப்பேன். அசைவின் உருவமே பிடிபடாத நிலையில் கலவை வெறும் குழப்பம்.

ஷூட்டிங் இடத்தில் நிற்கும் பயிற்சியாளர் என்ன சொல்கிறார் என்பதும் முக்கியம். "முழங்கையை உள்ளே வை, மணிக்கட்டை மடக்கு, விரலை இப்படி நீட்டு" என்று உடலைப் பற்றியே பேசுகிறவர்கள் அதிகம். 2005இல் வெளியான ஓர் ஆய்வில் ஃப்ரீ த்ரோ (தடுப்பவர் இல்லாமல் கோட்டில் நின்று எறியும் ஷாட்) எறிபவர்களைத் தம் மணிக்கட்டில் கவனம் வைத்தும் வளையத்தில் கவனம் வைத்தும் எறியச் சொன்னார்கள். வளையத்தில் கவனம் வைத்தபோது துல்லியம் கூடியது, தசைகளின் தேவையற்ற வேலை குறைந்தது. "வளையத்தின் முன்விளிம்பைத் தாண்டிப் பந்து இறங்கட்டும்", "பந்து வானவில்லாகப் போகட்டும்" போன்ற சொற்கள் போதும். ஒரு முறைக்கு ஒரே ஒரு சொல். நான்கு திருத்தங்களை ஒன்றாகக் கேட்ட பிள்ளை கல்லாகச் சமைந்துவிடும்.

சிறு ஆட்ட முறை

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித் நடத்திய முதல் ஆட்டத்தில் பக்கத்துக்கு 9 பேர், மொத்தம் 18 பேர். முழு ஆட்டத்திலும் விழுந்தது ஒரே கோல். ஆள் கூடினால் பந்து எத்தனை பேருக்கு எட்டாமல் போகும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஐவருக்கு ஐவர் ஆட்டத்திலும் முகாமில் இதே கதைதான்: பந்து இரண்டு பேரிடம் சுற்றும், மற்ற எட்டுப் பேரும் ஓடிக் களைப்பார்கள். மூவருக்கு மூவர் என்று குறைத்தால் ஒளிய இடமில்லை. ஒலிம்பிக்கில் 2021இல் டோக்கியோவில் சேர்க்கப்பட்ட மூவர் கூடைப்பந்து அரை கோர்ட்டில், ஒரே வளையத்தில், 12 வினாடி ஷாட் கடிகாரத்துடன் (அதற்குள் பந்தை வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும்) ஆடப்படுகிறது. பிள்ளைகளுக்குக் கடிகாரம் வேண்டாம், வடிவம் மட்டும் போதும்.

ஆட்டத்தின் வழியே கற்பிப்பது என்ற கருத்தை 1982இல் டேவிட் பங்கர், ராட் தோர்ப் என்ற இரண்டு ஆங்கிலேயக் கல்வியாளர்கள் முறைப்படுத்தினார்கள். முதலில் ஆட்டம், அதில் எழும் சிக்கல், பிறகு அந்தச் சிக்கலைத் தீர்க்கும் திறன் என்பது அவர்கள் சொன்ன வரிசை. பிவட் எதற்கு என்று புரியாத பிள்ளைக்குப் பிவட் சொல்லிக்கொடுப்பது வீண்வேலை. டிரிபிளே கூடாது என்ற ஒரு விதியோடு மூவர் ஆட்டத்தைத் தொடங்கிப் பாருங்கள். பந்தைப் பிடித்தவன் சிக்கிக்கொள்வான். ஒரு காலை ஊன்றித் திரும்பினால்தான் வழி பிறக்கும் என்று ஐந்து நிமிடத்தில் அவனே கண்டுபிடிப்பான். பந்தில்லாத மற்ற இருவரும் நகர்ந்தே ஆக வேண்டும். இதில் எனக்கு ஒரு வேடிக்கை உண்டு: பந்தைப் பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும், அதோடு ஓடக் கூடாது என்பதுதான் நைஸ்மித்தின் 13 விதிகளில் இருந்தது. டிரிபிள் இல்லாத ஆட்டம் ஏதோ புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணுகிறோம், அதுதான் மூல ஆட்டம்.

விதியை மாற்றி மாற்றி வேறு திறன்களையும் வரவழைக்கலாம். இருவர் தாக்க ஒருவர் தடுக்கும் ஆட்டம், எப்போது பாஸ் கொடுப்பது என்ற முடிவைப் பழக்கும். ரீபவுண்டுக்கும் ஒரு புள்ளி என்று அறிவித்தால், யாரும் சொல்லாமலே பிள்ளைகள் எதிராளியை முதுகால் மறித்து நிற்கத் தொடங்கும். லே-அப்புக்கு மட்டுமே புள்ளி என்றால் தூரத்திலிருந்து வீசும் பழக்கம் நின்றுபோகும்.

இந்த முறையின் குறைகளை அதன் ஆதரவாளர்கள் மூடி மறைக்கிறார்கள் என்பது என் வருத்தம். வலுவான பிள்ளை ஆட்டத்தை விழுங்கிவிடும். கூச்சமுள்ள பிள்ளை பந்து தன்னிடம் வராத மூலையைத் தேடிக் கண்டுபிடித்து அங்கேயே நிற்கும். தப்பான ஷூட்டிங் முறை, வெற்றி கிடைக்கிறது என்பதற்காகவே வேர் பிடிக்கும். பார்ப்பவருக்கு எல்லாம் சந்தைக் கூச்சலாகத் தெரியும். பயிற்சியாளருக்குக் கண் வேண்டும்: எப்போது ஆட்டத்தை நிறுத்துவது, எப்போது விதியை மாற்றுவது, எப்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்பதெல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. அனுபவமில்லாத உதவியாளரிடம் இதைக் கொடுத்தால் அவர் நடுவராக மட்டும் மாறிவிடுவார்.

பாதிக்கும் மேல் சரிசெய்யக்கூடியவைதான். வயதை மட்டும் வைத்துக் குழு பிரிக்காமல் திறனையும் வைத்துப் பிரிப்பது, ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு கோல் போட்டால் இரண்டாவது செல்லாது என்பது, ஒவ்வோர் ஆட்டத்தையும் 3 நிமிடத்தில் முடித்து அணிகளைக் கலைப்பது. ஜெயித்தவர் கோர்ட்டில் தொடரலாம் என்ற வழக்கத்தை மட்டும் முகாமுக்குள் விடவே கூடாது. யாருக்கு ஆட்டம் அதிகம் தேவையோ அவர்களே வெளியே அதிகம் உட்கார நேரிடும். தடுப்பாட்டத்தில் ஆளுக்கு ஆள் மட்டும். பரப்பைக் காக்கும் ஸோன் முறை வேண்டாம். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவும் அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட இளையோர் வழிகாட்டலும் 12 வயதுக்குக் கீழே ஸோனை அனுமதிப்பதில்லை. தூரத்திலிருந்து எறியத் தெரியாத பிள்ளைகளுக்கு எதிரே தடுப்பவர்கள் வளையத்தடியில் கும்பலாக நின்றுவிட்டால் ஆட்டம் அங்கேயே செத்துவிடும்.

உங்களிடம் எது குறைவு?

முகாமில் ஏதாவது ஒன்று எப்போதும் போதாது. எது போதவில்லை என்பதே பாதி முடிவைச் சொல்லிவிடும். வளையம் போதாவிட்டால் சுழற்சி. பந்து போதாவிட்டால் சிறு ஆட்டம். இது பலருக்குத் தோன்றுவதில்லை. சுழற்சி முறையில் டிரிபிள் இடத்தில் ஆளுக்கொரு பந்து வேண்டும், ஆனால் மூவர் ஆட்டத்தில் 6 பேருக்கு ஒரு பந்து போதும். 24 பேருக்கு 4 பந்துகளோடு முழு நேரத்தையும் ஓட்டிவிடலாம். வளையமும் இல்லை என்றால், எதிரணியின் எல்லைக்கோட்டுக்குப் பின்னால் நிற்கும் கூட்டாளிக்குப் பாஸ் சேர்த்தால் ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். பயிற்சியாளர் போதாவிட்டால்தான் சிக்கல். ஒரே ஆள் 24 பேரைப் பார்க்க வேண்டுமென்றால் சுழற்சி குலைந்துபோகும். அப்போது வரிசை முறையை மாற்றி, எல்லோரையும் பக்கக்கோட்டில் ஒரே வரியாக நிறுத்தி, எல்லோரும் ஒரே நேரத்தில் கோர்ட்டைக் குறுக்காகக் கடக்கும் பயிற்சிகளாக வைப்பது நல்லது. காத்திருப்பு இல்லாத வரிசை அது. நிற்றல், பிவட், பின்னோக்கி டிரிபிள், தடுப்பு நகர்வு எல்லாம் அதில் அடங்கும்.

மூன்றும் ஓரளவு கையில் இருந்தால் என் தேர்வு கலவைதான், ஆனால் சம பங்கு அல்ல. நேரத்தில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகச் சிறு ஆட்டம், மூன்றில் ஒரு பங்கு சுழற்சி, மிச்சம் வரிசை. வரிசை முறை புதிய அசைவைக் காட்டும் சில நிமிடங்களோடு நின்றுவிட வேண்டும். நாளின் தொடக்கத்திலேயே கால் மணி நேரம் ஆட விட்டுவிடுவது எனக்குப் பிடித்த ஏற்பாடு. அந்தக் கால் மணியில் எங்கே சறுக்குகிறார்கள் என்று பார்த்து, அன்றைய சுழற்சியின் இடங்களை அதற்கேற்ப அமைத்து, பிறகு மீண்டும் ஆட்டத்துக்குத் திரும்பலாம். முன்கூட்டியே அச்சடித்த அட்டவணை இதற்கு இடம் கொடுக்காது. அட்டவணையைக் கொஞ்சம் தளர்த்தித்தான் ஆக வேண்டும்.

வயதுக்கேற்ப விகிதம் மாறும். 8 முதல் 10 வயதுவரை ஆட்டம் இன்னும் கூடலாம். 13, 14 வயதில் ஷூட்டிங்கைச் செதுக்கிக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்குச் சுழற்சி கூடட்டும்; அந்த வயதில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய அவர்களுக்கே பொறுமை வந்திருக்கும்.

முறையை எவ்வளவு யோசித்துத் தேர்ந்தாலும் கருவி தவறாக இருந்தால் பயனில்லை. வழக்கமான வளையம் 3.05 மீட்டர் உயரம். சர்வதேசக் கூட்டமைப்பின் மினி கூடைப்பந்தில் வளையம் 2.60 மீட்டரில், பந்து 5ஆம் எண். 7ஆம் எண் பந்து 600 கிராமை ஒட்டியது. 5ஆம் எண் அரைக் கிலோவை ஒட்டியது. 9 வயதுப் பிள்ளை இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் பந்தைத் தூக்கி வீசுகிறது என்றால் அதற்குக் கெட்ட பழக்கம் என்று பெயர் வைக்க வேண்டாம். அவ்வளவு உயரத்துக்கு அவ்வளவு எடையை அனுப்ப அதற்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். வளையத்தை இறக்க முடியாத இடத்தில், பலகைக்கு மிக அருகே நின்று எறியச் சொல்லலாம், அல்லது சுவரில் ஒரு கோடு கிழித்து அதைக் குறிவைக்கச் சொல்லலாம். உள்ளே விழவில்லையே என்ற ஏமாற்றம் இல்லாமல் கை சரியான வடிவத்துக்கு வரும்.

கடைசி நாள் கோப்பைப் போட்டி வைப்பதா வேண்டாமா என்று பலர் கேட்பார்கள். வையுங்கள், பிள்ளைகளுக்கு அது வேண்டும். ஐவர் அணியாக வைக்காமல் மூவர் அணியாக வையுங்கள். ஓர் ஆட்டம் 10 நிமிடம், எல்லோருக்கும் சம நேரம், டிரிபிள் உண்டு. அணிகளை அன்று காலையில் பயிற்சியாளர்களே பிரிக்க வேண்டும், பிள்ளைகள் ஆள் தேர்ந்தெடுக்கும் வழக்கம் கூடாது. கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்படும் பிள்ளை அடுத்த ஆண்டு முகாமுக்கு வராது. பெற்றோரை அன்று மட்டும் அழைக்காமல் இரண்டாம் நாளும் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, ஆட்டம் ஏன் இவ்வளவு கலவரமாகத் தெரிகிறது, ஒவ்வொரு விதியும் எந்தத் திறனுக்காக வைக்கப்பட்டது என்று ஒரு பயிற்சியாளர் பக்கத்தில் நின்று சொல்லட்டும். அதைக் கேட்டவர்கள் ஐந்தாம் நாள் ஸ்கோரை மட்டும் பார்க்க மாட்டார்கள்.